மீசை இழந்த சீமான்



ஆண்டு விழாவில் சற்றே சிரித்து மகிழ்வோம். இங்கிலாந்தின் நகைச்சுவை எழுத்தாளர்களுள் பி. ஜி. உட்ஹவுஸ் தலைசிறந்தவர். 1915ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கதையொன்றில் ஜீவ்ஸ் என்னும் பணியாள் முதன்முதலாகத் தோன்றுகிறான். அங்கு அவன் பேசுவது இரண்டொரு வாக்கியமே. பின்வந்த கதைகளிலோ, பெர்ட்டி வூஸ்டர் என்னும் சீமானையும் நண்பர்களையும் இடுக்கண்களினின்று மீட்பவன் அவனே.

1919இல் வெளிவந்த தொகுதியில் ஒரு கதை. நியூயார்க் வந்த கஞ்சப் பிரபு ஒருவர், தம் உடன்பிறந்தார் மகனுக்குப் பணம் தர மறுக்கிறார். பிரபுவின் கையைக் குலுக்கப் பணம் கொடுப்பவர் உண்டு என்கிறான் ஜீவ்ஸ். உண்மை வெளிப்பட்டுப் பிரபு சீறுகிறார். அச்செய்தி பத்திரிகைக்குப் போகக்கூடும் என்பதைப் பணிவோடு உணர்த்தியே ஜீவ்ஸ் அவரை இணங்க வைக்கிறான். வியந்த பெர்ட்டி, ஜீவ்ஸ் வெறுத்த தன் மீசையையே மழிக்கச் சொல்லிவிடுகிறான்!

இக்கதையை நமக்குச் சொல்பவன் பெர்ட்டியே. தன் அறியாமையைத் தானே எடுத்துரைக்கிறான். பணியாளின் அறிவை மறைக்காது போற்றுகிறான். அதனாலேயே அவனை நாம் இகழ்வதில்லை.

எனினும் கதை முடிவில் ஜீவ்ஸ் பணியாளாகவே நிற்கிறான். நம் இல்லங்களில் பாத்திரம் துலக்குவோரிடமும் துணி வெளுப்போரிடமும் வேலை வாங்குகிறோம், யோசனை கேட்டதுண்டா? மீசையை மழிக்க வேண்டுவதில்லை. சற்றே செவி கொடுப்போமாக.