தரையிலிருந்து புகை எழுந்த ஊர்

 

நகராட்சி இல்லை, ஊர்மன்றம் இல்லை, தனக்கென ஒரு தலைவனும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின்முன் ஊர் என்னும் தகுதியே பெறாத ஒரு சிற்றூரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கான்சாசு மாநிலத்தின் வடமேற்கில், கிரகாம் மாவட்டத்தில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே அமைந்த அவ்வூரின் பெயர் நிக்கொதேமு.

அடிமைமுறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால், தென்னாட்டில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் அவர்க்கு உரிமையாயிற்றா? இல்லை! 1877-இல் கூட்டரசின் படைகளும் அங்கிருந்து விலகின. அவ்வாண்டிலேயே கறுப்பினத்தார் சிலரும் வெள்ளையர் ஒருவரும் கூடி ஊர்க்குழுமம் ஒன்றை அமைத்து, குடியேற வருக எனத் துண்டறிக்கைகள் பரப்பினர். கெண்டகியிலிருந்து முந்நூற்றுவர் அளவினர் தொடர்வண்டியில் எல்லிசு வரை வந்து, அப்பால் முப்பது கல்லுக்கு மேல் நடந்தே சென்றனர்.

அங்கே கண்டதென்ன? கண்ணுக்கெட்டிய தொலைவும் புல்வெளி! மரம் ஆற்றங்கரையில் மட்டுமே. வீடு கட்ட மரமின்மையால் மண்ணைக் குடைந்து அதனுள் வாழ்ந்தனர். 1878-இல் வந்த வில்லியானா இக்மன் என்னும் அம்மையார் ஊர் எங்கே என வினவ, அவர் கணவர் தரையிலிருந்து எழுந்த புகையைச் சுட்டிக் காட்டினாராம். அம்மையார் அழுதுவிட்டார், பின்னாளில் அவரே கூறிய செய்தி இது. மனமுடைந்து திரும்பிய குடும்பங்கள் பல. எஞ்சியோர் மண்வெட்டியும் கொத்தும் கொண்டே நிலத்தைத் திருத்தினர். முதற் குளிர்காலத்தில், வேட்டை முடித்து மீண்ட ஓசேசுப் பழங்குடியினர் தம் இறைச்சியைப் பகிர்ந்தளித்தனர் என்பர். நிலம் பறிகொடுத்தவர், நிலம் தேடி வந்தவர்க்கு உணவிட்டனர்! எத்தனைப் பாடநூல்கள் இதனைச் சொல்கின்றன?

ஊர் வளர்ந்தது. பள்ளியும் கோயில்களும் விடுதியும் கடைகளும் தோன்றின. செய்தித்தாள்களும் இரண்டு வெளிவந்தன. அவ்வூரில் வாழ்ந்த எட்வர்டு மெக்கேபு 1882-இல் மாநிலக் கணக்காய்வராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். வடநாட்டில் கறுப்பினத்தார் ஒருவர் அத்தகைய பொறுப்பேற்றல் அந்நாளில் எளிதன்று.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. இல்லை, வராமற் போயிற்று! அதனை ஈர்க்க 1887-இல் 16,000 தாலர் கடன்முறிகளுக்கு ஊரார் வாக்களித்தனர். அக்குழுமம் வரவில்லை. மறு ஆண்டு வேறொரு குழுமம் ஆற்றின் தென்கரை வழியே தண்டவாளம் இட்டது. ஆற்றுக்கு அப்பால் போகு என்னும் புதிய ஊர் எழ, கடைக்காரர் பலர் அங்கே பெயர்ந்தனர். பின்வந்த 1930-களின் வறட்சி உழவரையும் விரட்டியது. 1953-இல் அஞ்சல் நிலையமும் மூடப்பட்டது.

1996-இல் கூட்டரசு அதனை நாட்டின் வரலாற்று இடமாக அறிவித்தது. 2020 கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் 14 பேர். ஆயினும் ஆண்டுதோறும் சூலை இறுதியில், அடிமைத்தளை அறுந்ததைக் கொண்டாடும் விழாவிற்கு, நாட்டின் பல மூலைகளிலிருந்து அம்முன்னோரின் வழித்தோன்றல்கள் பன்னூற்றுவர் வந்து கூடுகின்றனர். பெரியவர்கள் சிறுவர்களின் கைபற்றி, எந்த மேட்டில் எந்தப் பாட்டன் மண்குடைந்து வாழ்ந்தான் எனக் காட்டிச் செல்கின்றனர்.