‘மூலான் ரூஜ்’ எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

(நம் சங்கத்தின் திரைப்பட வட்டத்தில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு முறையும் பிடித்த படத்தைப் பற்றியே பேசுகிறோம், ஒரு மாறுதலுக்குப் பிடிக்காத படத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் யோசிக்கவே இல்லை. பாஸ் லூர்மன் இயக்கி 2001-இல் வந்த ‘மூலான் ரூஜ்’. தியேட்டரில் பார்த்தேன். இடைவேளைக்கு முன்பே தலைவலி. அந்தப் படத்தின் ரசிகர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். இரண்டாவது வரிசையில் இப்போதே முறைக்கிறார்கள்.

1899-இல் பாரிஸில் நடக்கும் கதை. ஏழை எழுத்தாளன் ஒருவன், கேளிக்கை அரங்கின் நட்சத்திரமான சட்டீன், அவளைப் பணத்தால் வளைக்கப் பார்க்கும் ஒரு டியூக். அவளுக்கோ காசநோய்.

பாட்டு அதிகம் என்பது என் புகாரே அல்ல. காதலுக்கும் பாட்டு, சாவுக்கும் பாட்டு என்று வளர்ந்த நாம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். இந்தியாவில் ஒரு இந்திப் படம் பார்த்ததுதான் தனக்குத் தூண்டுதல் என்று லூர்மனே சொல்லியிருக்கிறார். 1998-இல் வந்த ‘சைனா கேட்’ படத்தின் இந்திப் பாட்டு ஒன்றும் இதில் தலைகாட்டுகிறது. 1899-இல் வாழ்பவர்கள் எல்டன் ஜான், மடோனா பாட்டுகளைப் பாடுவதும் எனக்குச் சம்மதம்தான். நல்ல துணிச்சல் அது.

என் சண்டை வெட்டுகளோடு. அரங்கில் கான்-கான் ஆட்டம் தொடங்குகிறது. ஒரு பெண் காலைத் தூக்குகிறாள். அந்தக் கால் கீழே இறங்குவதற்குள் ஒரு பாவாடை, ஒரு தொப்பி, யாரோ ஒருவரின் பல், கூரை விளக்கு. ஆடியது யார், எப்படி ஆடினார் என்பது கடைசிவரை தெரியவில்லை. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளில் படம் வென்றது இரண்டு: கலை இயக்கம், உடையலங்காரம். அந்த உடையையாவது ஒரு நிமிடம் நிறுத்திக் காட்டக்கூடாதா?

நிக்கோல் கிட்மனும் யூவன் மெக்கிரிகரும் சொந்தக் குரலில்தான் பாடினார்கள். இருவரும் நன்றாகவே பாடுகிறார்கள். யானை வடிவ அறைக்குள் அவன் தயங்கித் தயங்கிப் பாட்டைத் தொடங்கும் சில நொடிகள் எனக்கு உண்மையிலேயே பிடித்தன. அதற்குள் இருவரையும் மேகத்துக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்.

கடைசியில் சட்டீன் இறக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. தினமும் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டால், கல்யாண விருந்தன்று யாருக்குப் பசிக்கும்?

1952-இல் வந்த ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்தில் ஜீன் கெல்லி மழையில் ஆடுவதைப் பாருங்கள். கேமரா அவருடனேயே நடக்கிறது. தலை முதல் கால் வரை ஆள் தெரிகிறார். நம் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது 1968-இல். காயம்பட்ட சிவாஜி நாதஸ்வரம் வாசிக்க, பத்மினி ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறார். சபையில் அத்தனை பேர் இருந்தும் அது இருவருக்கு மட்டுமான பேச்சு. அந்த இரண்டு முகங்களையும் பார்க்க நமக்கு நேரம் கொடுத்தார் ஏ.பி.நாகராஜன்.

இதை இங்கே பேச இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் ஆறு வாரம் மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்த நடனம் அது. வீடியோவில் வந்ததோ கொலுசு, புகை, பறக்கும் துப்பட்டா, கைதட்டும் நாம். முழுதாக ஒரு அடவுகூட இல்லை. “தாத்தா, நான் எங்கே?” என்று கேட்ட குழந்தைக்கு, வீடியோவை மூன்று முறை நிறுத்தி நிறுத்தித் தேடித்தான் காட்ட முடிந்தது.

ஆகவே கலைக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மேடை முழுவதும் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு நடனத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெட்டாமல் எடுங்கள். ட்ரோனும் புகையும் தனி வீடியோவாக இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்டாண்ட் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.

இரண்டாவது வரிசையில் கை தூக்கிவிட்டார்கள். மைக்கைக் கொடுக்கிறேன்.