கத்தி இல்லாத கிண்ணம்



போன கிழமை ஒரு பின்னேரம், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து மகள் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. தாளில் ஒரு கிண்ணமும் அதற்குள் ஒரு கரண்டியும் கீறிவிட்டு, "அம்மா, ஏன் இதில கத்தி இல்லையெண்டு தெரியுமோ?" என்று கேட்டாள். நான் பயற்றங்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். தெரியாது என்றேன். "கத்தி இருந்தா ஆருக்கோ ரத்தம் வருமாம். அதாலதான்" என்றாள்.

அந்தக் கிண்ணம் ஒரு சமாதான உடன்பாடு. வெள்ளைக்காரர் இங்கே ஊர் கட்டுவதற்கு முன்னரே, இந்த ஒன்ராறியோ ஏரியைச் சுற்றி அனிஷினாபே மக்களும் ஹொடெனொஷோனி மக்களும் வேட்டை நிலத்துக்காகவும் உரோம வியாபாரத்துக்காகவும் நெடுங்காலம் அடிபட்டவர்கள். அடிபட்டுக் களைத்துச் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு 'ஒரு கிண்ணம், ஒரு கரண்டி' என்று பெயர். 1701ஆம் ஆண்டு மொன்றியாலில் ஏறத்தாழ நாற்பது முதற்குடி நாடுகளும் பிரெஞ்சுக்காரரும் கூடிச் செய்த பெருஞ்சமாதானத்தோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். நிலம்தான் கிண்ணம். எல்லோரும் அதிலிருந்து எடுக்கலாம். தேவைக்கு மேலே எடுக்கக்கூடாது, அடுத்தவருக்கு மிச்சம் வைக்கவேண்டும், கிண்ணத்தைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும். கத்தி கிட்ட வரக்கூடாது.

இதை அவர்கள் தாளில் எழுதவில்லை. சங்கு ஓட்டிலும் சிப்பி ஓட்டிலும் சின்னச் சின்ன மணிகள் கடைந்து, கோத்து, ஒரு பட்டியாக நெய்தார்கள். வெள்ளை மணிகளுக்கு நடுவிலே கருமையாகத் தெரிகிற வடிவம்தான் கிண்ணம். கூட்டம் கூடும்போது அந்தப் பட்டியை எடுத்துவைத்து, அதன் பொருளை ஒருவர் எழுந்து வாயால் சொல்லவேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அது வெறும் மணிக்கோவை.

மகள் இதை விளங்கப்படுத்தி முடித்தபோது என் நினைப்பு 1957க்குப் போய்விட்டது. இலங்கையில் எங்களிடமும் ஒரு உடன்பாடு இருந்ததல்லவா? சிங்களம் மட்டும் சட்டம் வந்த மறுவருடம், ஜூலை 26ஆம் திகதி, பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் தந்தை செல்வநாயகமும் கையெழுத்து வைத்தார்கள். வடக்கு கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கலாம், பிராந்திய சபைகள் வரும், குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரிவதில் அந்தச் சபைகளுக்கு உரிமை இருக்கும். கேட்டது இவ்வளவுதான். தனிநாடு என்ற பேச்சே அதில் கிடையாது. துவக்குத் தூக்கின ஒரு பிள்ளையும் அன்றைக்கு இல்லை.

அந்தத் தாள் ஒன்பது மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை. அதை எதிர்த்து அந்த ஒக்டோபரிலேயே ஜே.ஆர். ஜெயவர்த்தனா கண்டிக்கு நடக்கப் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் கொழும்பில் பிரதமரின் வீட்டு முற்றத்தில் வந்து குந்தினார்கள். உடன்பாட்டைக் கைவிட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழும்பினார்கள். மே மாதம் கலவரம். அகதிகளாகக் கப்பலில் வடக்கே வந்திறங்கின சனத்துக்கு எங்கள் அம்மம்மாவும் சோற்றுப்பொதி கட்டிக்கொடுத்தவ. அந்தக் கதையை அவ சொல்லும்போதெல்லாம், பொதியை வாங்கின ஒரு பெண்ணின் கையில் கண்ணாடி வளையல் உடைந்து கீறியிருந்ததைத்தான் முதலில் சொல்லுவா.

சமாதானப் பணி என்றால் யுத்தம் முடிந்தபிறகு வருகிற பணி என்று எங்களில் பலர் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் நாட்டின் சமாதானத்தைக் கட்டியெழுப்ப மிக நல்ல காலம் அந்த ஒன்பது மாதங்கள்தான். அந்த ஒப்பந்தத்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் வராது என்று சிங்களக் கிராமங்களில் ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்கு ஆட்கள் போதவில்லை. வேண்டாம் என்று சொல்லிக் கண்டிக்கு நடக்க ஆட்கள் இருந்தார்கள். பிறகு 1965இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தம் வந்தது, அதுவும் போனது. 1987இல் மாகாணசபைகளைத் தந்த இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாணசபைக்குப் பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே நடத்தவில்லை.

கனடாவில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. நாங்கள் வீடு வாங்கி வாழ்கிற இந்த ரொறன்ரோவின் காணி உறுதியே பழுதானது. 1787இல் மிசிசாகா மக்களிடம் இந்த நிலத்தை வாங்கியதாகச் சொல்லப்படுகிற உறுதியில், எவ்வளவு நிலம், எங்கே எல்லை என்பதெல்லாம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. தலைவர்களின் அடையாளக் குறிகள் வேறு துண்டுத் தாள்களில் இருந்தன, அவற்றைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதைச் சரிக்கட்டினார்கள். அந்தக் கணக்கு 2010இல்தான் தீர்ந்தது. மத்திய அரசு 145 மில்லியன் டொலர் இழப்பீடு கொடுத்தது. இருநூறு வருடத்துக்கு மேல் அந்த மக்கள் கேட்பதை விடவில்லை.

பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கி வதிவிடப் பாடசாலைகளில் அடைத்த கொடுமை இன்னும் பெரியது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிள்ளைகள். 2008இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015 வரை ஊர் ஊராகப் போய் 6,500க்கு மேற்பட்டவர்களின் வாயிலிருந்து கேட்டது. 94 கோரிக்கைகளை வைத்தது. அதில் கடைசிக் கோரிக்கை எங்களைப் போன்ற குடியேறிகளைப் பற்றியது. குடியுரிமைச் சத்தியத்தில் முதற்குடி மக்களுடனான ஒப்பந்தங்களையும் சேருங்கள் என்று கேட்டார்கள். 2021இல் சட்டம் மாறியது. நான் கனடியப் பிரசையாகச் சத்தியம் எடுத்த நாளில் அந்த வரி இல்லை. போன வருடம் பெரியம்மாவின் மகன் எடுத்தபோது இருந்தது. மண்டபத்தில் கையை உயர்த்திக்கொண்டு அவன் அதைச் சொன்னபோது, ஒரு பழைய மணிப்பட்டியை வாசிக்கிற வரிசையில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துவிட்டான் என்று எனக்குப் பட்டது.

எங்கள் மண்ணில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பதில் சொல்கிறவர்கள் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கொட்டில் போட்டு இருந்தார்கள். மடியில் படம். பிளாஸ்டிக் உறை போட்ட படம், மழை நனைத்துவிடாமல். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்தின வருடமே வந்துவிட்டது. அலுவலகமும் பிறகு வந்தது, விண்ணப்பப் படிவங்களும் வந்தன. 'என்ர பிள்ளை எங்கே' என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கேட்டுக்கேட்டே பல தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். 2025இல் யாழ்ப்பாணத்துக்குக் கிட்டச் செம்மணியில் தோண்டினார்கள். இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு சின்னப் பிள்ளையின் எலும்போடு ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் வந்தது. அந்தப் பை யாருடையது என்று ஒரு அரசு சொல்லாதவரைக்கும், யுத்தம் 2009இல் முடிந்தது என்று அந்தத் தாய்மாரிடம் போய் எப்படிச் சொல்வது?

இந்த நகரத்திலிருந்து நாங்களும் கேட்டோம். 2009 மே 10, அன்னையர் தினம். கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வன்னியிலிருந்து அழைப்பு வராதா என்று எல்லோருடைய கையிலும் தொலைபேசி. 2021இல் ஒன்ராறியோ, தமிழர் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்தைச் சட்டமாக்கியது. 2022இல் கனடிய நாடாளுமன்றம் மே 18ஐ அதன் நினைவு நாளாக ஏற்றது. இதற்காக உழைத்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவள். எங்களுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். கேட்பதை ஒருநாளும் விடக்கூடாது.

ஆனால் எங்கள் பட்டியில் நாங்கள் வாசிக்காமல் விடுகிற ஒரு இடம் இருக்கிறது. 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம்தான் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் ஒரு பையோடு போனார்கள். அநேகம் பேர் புத்தளத்தில் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள்.

அப்போது எனக்குப் பதினாலு வயது. எங்கள் வீட்டு உடுப்பெல்லாம் தைத்தது சோனகத் தெருவிலிருந்த ஒரு முஸ்லிம் தையல்காரர். நானா என்றுதான் கூப்பிடுவோம். காதில் பென்சில் செருகியிருப்பார், அளவெடுக்கும்போது எண்ணை மனதுக்குள் சொல்லாமல் சத்தமாகப் பாடமாதிரிச் சொல்லுவார். தீபாவளி முடிந்து இரண்டு கிழமை. பள்ளிக்கூட விழாவுக்கென்று ஒரு பாவாடைத் துணி அவரிடம் கொடுத்திருந்தோம். அவர்கள் போனபிறகு அன்றிரவு எங்கள் வீட்டில் என்ன கதைத்தோம் தெரியுமா? அந்தத் துணியைப் பற்றிக் கதைத்தோம். துணி போச்சு என்று அம்மா சொன்னா. நானும் துணிக்காகத்தான் அழுதேன். அந்த மனிசன் எங்கே போனார், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எப்படி நடந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயம் இருந்தது, உண்மை. வீட்டுக் கதவைச் சாத்தியபிறகும் கேட்கவில்லை என்பதற்குப் பயம் காரணமில்லை.

இந்தக் கதையை மகளுக்கு நான் இதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவற்ற பேர் என்ன அம்மா?" என்றாள். நானா என்றேன். "அது பேரில்லையே" என்றாள்.

அவரது பெயர் எனக்குத் தெரியாது. இந்த உரையைக் கேட்கிறவர்களில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், யாராவது இருந்தால் தயவுசெய்து எங்கள் நிலையத்துக்கு அழையுங்கள். ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கடை. காதில் பென்சில். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட பாவாடைத் துணி ஒன்று, 1990 ஒக்டோபரில், தைத்து முடியாமல் அவரிடம் இருந்தது.