ஒரே ஏட்டில் பல கைகள்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி எழுமலையில் நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



இணையத்தின் துணைகொண்டு மாணவர்கள் கூடிக் கற்பது எங்ஙனம் என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் கணினி அறிஞன் அல்லன். நம் மாலைப் படிப்பகத்தின் கரும்பலகைக்கு முன் பல்லாண்டுகள் நின்றவன், அவ்வளவே. ஆகவே கருவிகளின் பெருமையைப் பாட நான் முற்படவில்லை. அவற்றைக் கையாண்டபோது நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட 19 மாதங்களில் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே பள்ளிக்கூடம் என்றாயின. நம் தெருக்களிலோ வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப்பையில். பகலில் பாடம் வரும், கைப்பேசி இராது. இரவில் கைப்பேசி வரும், பாடம் முடிந்திருக்கும்.

அந்நாளில், சென்னையில் பணிபுரியும் நம் படிப்பகத்தின் பழைய மாணவர் ஒருவர், காணொளியை விடுத்து 'கூகுள் டாக்ஸ்' என்னும் கருவியைப் பயன்படுத்தலாமே என்றார். அதனை நான் 'கூட்டேடு' என்றே அழைத்து வருகிறேன். ஒரே ஏடு, அதனைத் தத்தம் கைப்பேசியில் திறந்து நால்வர் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம், ஓரத்தில் குறிப்பு இடலாம். எழுத்து மட்டுமே செல்வதால் காணொளிக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே ஆகும். உரிய ஏற்பாட்டை முன்னரே செய்துகொண்டால், மலையடிவாரத்தில் அலைவரிசை கிட்டாத வேளையிலும் எழுதி வைக்கலாம். கிட்டியதும் அது ஏட்டில் சேர்ந்துகொள்ளும். நமக்கு ஏற்ற கருவிதான்.

நான்கு மாணவர்களிடம் 'நம் ஊர்க் கண்மாய்' என்ற தலைப்பைக் கொடுத்தேன். ஒரு திங்களில் கட்டுரை முடிந்தது. மடை எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம், எந்த வாய்க்கால் தூர்ந்தது, முன்பு எவ்வாறு நீர் பகிர்ந்தார்கள் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நால்வரில் மூத்தவன், பேச்சிலும் வல்லவன், "ஐயா, பெரும்பகுதி நான் எழுதியது" என்றான். நான் அவனை எல்லார் முன்னிலையிலும் பாராட்டி ஒரு பேனாவும் பரிசளித்தேன்.

சென்னையிலிருந்த பழைய மாணவர் அன்றிரவு என்னை அழைத்து, "ஐயா, பதிப்பு வரலாற்றைப் பார்த்தீர்களா?" என்று வினவினார். கூட்டேட்டில் எந்த வரியை எவர், எந்நாள், எம்மணிக்கு எழுதினார் என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும் என்பதை நான் அறியேன். அவர் சொல்லித் தர, பார்த்தேன். கட்டுரையின் செம்பாதிக்கு மேல் எழுதியவர் பெயர் ஒரு கொத்தனாருடையது! எழுதிய நேரம் இரவு பத்தரை, பதினொன்று. கருவி பழுதுபட்டதோ என ஐயுற்றேன். அந்தக் கொத்தனார் கையொப்பம் இடுவதற்கு மேல் எழுதப் பயிலாதவர்.

பழுது கருவியில் இல்லை. கைப்பேசி அவருடையது, கணக்கும் அவர் பெயரில். அவர் வேலை முடித்து வந்து உண்டு உறங்கிய பின், ஒன்பதாம் வகுப்புப் படித்த அவருடைய மகள் அதனை எடுத்து எழுதியிருக்கிறாள். நான் பரிசளித்த அன்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னர்க் கேட்டபோது, "நீங்கள் கேட்கவில்லையே, ஐயா" என்றாள். மறுவாரம் நான் அனைவர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பேனாவைத் திரும்பப் பெறவில்லை; அது அவனை இழிவுபடுத்துவதாகும். அவளுக்கு ஓர் அகராதி வாங்கிக் கொடுத்தோம்.

வகுப்பறையில் உரக்கப் பேசுபவன் கண்ணுக்குத் தெரிகிறான். மெதுவாக எழுதுபவள் தெரிவதில்லை. உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்னும் நிலை நம் மக்களுக்குப் புதிதன்று. கூட்டேட்டின் வரலாற்றுப் பக்கம் அதனை ஓரளவேனும் வெளிக்கொணர்கிறது. ஆனால் அதனைத் திறந்து பார்க்கும் ஆசிரியர் வேண்டும். இல்லையேல் கருவி இருந்தும் பயனில்லை.

இவ்வாறு பலர் கூடி ஓர் ஏட்டை உருவாக்குவது தமிழர்க்குப் பழக்கமான பணியே. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் அதனை முன்னின்று நடத்தினார். சங்கம் இருந்த நகர் என்பதால் நம் மதுரையின் பெயரையே சூட்டினார்கள். ஒரு நாட்டில் இருப்பவர் பழந்தமிழ் நூலைத் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புப் பார்ப்பார். ஊதியம் ஏதுமில்லை.

2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்தில் பெரும்பணி ஆற்றியவர். 2017இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. நம் மாணவர்கள் அதனைப் படிக்கிறார்கள், படியெடுத்தும் விடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்றொரு சொல் இருப்பதை எத்தனை பேர் கண்டீர்கள்? அதனை அழுத்தினால் நீங்களும் எழுதலாம். புதியவர் பழகிப் பார்க்க 'மணல்தொட்டி' என்றோர் இடம் உண்டு. நாம் மணலில் விரல் வைத்து அரிச்சுவடி பயின்றதைப் போன்றதே அது. எழுத்தாளர்கள் கூடி விவாதிக்கும் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். அந்த ஆலமரத்தடியில் சாதி கேட்டு இடம் ஒதுக்குவதில்லை. "சான்று எங்கே?" என்று மட்டும் கேட்பார்கள்.

தொடங்குவோர்க்கு அதனினும் எளிய பணி, விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது. ஒருபுறம் பழைய நூலின் பக்கம் படமாக இருக்கும்; மறுபுறம் எழுத்தாக இருக்கும். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும். மற்றொருவர் மீண்டும் பார்த்த பின்னரே பச்சை நிறம் பெறும். தாம் பார்த்ததற்குத் தாமே பச்சை நிறம் தந்துகொள்ள இயலாது. நாளுக்கு ஒரு பக்கம் திருத்தும் மாணவனுக்கு லகர ளகரப் பிழையும் ஒற்றுப் பிழையும் சில திங்களில் குறையும். இலக்கண வகுப்பில் நான் ஆண்டுக்கணக்கில் முயன்றும் ஆகாத காரியம் இது என்பதைச் சற்று வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

இனி எச்சரிக்கை. படியெடுத்து ஒட்டினால் கூட்டேடு வெறும் குப்பைக்கூடை. கேட்ட நொடியில் கட்டுரை செய்து தரும் செயற்கை நுண்ணறிவும் இன்று வந்துவிட்டது. அது எழுதியதை நம் பிள்ளை எழுதியதாகக் கொள்வது பட்டினி கிடப்பவன் பிறர் உண்பதைக் கண்டு ஏப்பம் விடுவதை ஒக்கும். வாட்சப் குழுக்களில் சேர்ந்தவர் அனைவருக்கும் பெண் பிள்ளைகளின் கைப்பேசி எண் தெரிந்துவிடுகிறது. பெற்றோர் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஏட்டின் இணைப்பைக் கொடுத்தால் எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை.

'சான்று எங்கே' என்ற கேள்வியால் நமக்கு நேரும் ஓர் இடரையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் அரசிதழும் அச்சு நூலும் உண்டு. நம் தெருவின் வரலாறு பாட்டியின் வாயில் இருக்கிறது. அவர் சொன்னார் என்று விக்கிப்பீடியாவில் எழுதினால் நீக்கிவிடுவார்கள். விதி பொதுவானதே. ஆனால் எழுதப்படாதவர்கள் மீதே அது மிகுதியாக விழுகிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை வாரந்தோறும் எழுதினார். அவ்வெழுத்துகள் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' எனப் பெருந்தொகுதிகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தார். இடையே 85 ஆண்டுகள்! அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் கண்ணெனக் காத்திராவிடில் அவற்றுள் எத்தனை நமக்குக் கிட்டியிருக்கும்? அச்சேறிய எழுத்துக்கே அந்தக் கதி என்றால், வாய்மொழியின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இலங்கைத் தமிழர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட துயரை அறிந்த அம்மக்கள், 2005இல் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். பெருநூல்களை மட்டுமன்றிச் சிற்றூர்ப் பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும் சங்க வெளியீடுகளையும் அதில் படமெடுத்துச் சேர்த்து வருகிறார்கள். ஒரு சிற்றூரைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு அத்தகைய மலர் ஒன்றே ஆதாரமாக அமைவதும் உண்டு.

ஆகவே இந்த வெள்ளி விழா மலரை நாம் அச்சிட்டுப் பெட்டியில் பூட்டிவிடலாகாது. நம் படிப்பகத்தின் தொடக்கம், முதன்முதல் பட்டம் பெற்றவர்கள், இடம் தந்தவர்கள், எதிர்ப்பைத் தாங்கியவர்கள் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு, நாளும் பெயரும் குறித்து, இளைஞர்களே கூட்டேட்டில் எழுதட்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கட்டும். மலரை நூலகங்களுக்கு அனுப்புவோம். படமெடுத்து இணையத்திலும் இடுவோம்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி இன்று கல்லூரியில் பயில்கிறாள். மூத்தோரின் நினைவுகளைத் தொகுக்கும் ஏட்டுக்குப் பொறுப்பேற்க இசைந்திருக்கிறாள். இம்முறை அவளுடைய பெயரிலேயே கணக்கு உள்ளது. அவளுக்குத் துணை தேவை. வாயிலருகே மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வெளியூர்களில் பணிபுரியும் பட்டதாரிகள், வாரத்தில் எந்த இரவு ஒரு மணி நேரம் மாணவர்களின் எழுத்தைப் படித்துக் குறிப்பு எழுத இயலும் என்பதைப் பெயருடன் குறித்துச் செல்லுங்கள். வீட்டில் இரண்டாவது கைப்பேசி சும்மா கிடந்தால் அதையும் எழுதுங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் குற்றமில்லை.