நூலகம் திறக்கக் காத்திருந்த பையன்

நூலக விழாவில் நூலகத்தைப் பற்றித்தானே பேச வேண்டும்? சரி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போவோம். ஸ்டாஃபோர்டு வட்டாரம், 2010 மே மாதம், காலை நேரம். நூலகம் இன்னும் திறக்கவில்லை. 18 வயதுப் பையன் ஒருவன் வெளியே புல்தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஆட்டிசம் உள்ளவன், கறுப்பினத்தவன். சந்தேகத்துக்குரிய ஆள், துப்பாக்கிகூட இருக்கலாம் என்று போலீசுக்குத் தகவல் போகிறது.

துப்பாக்கி இல்லை. வந்த அதிகாரி பெயர் கேட்டார், பையன் சொல்லவில்லை. பிடித்து நிறுத்தினார், கைகலப்பாகி அதிகாரிக்குக் காலில் பலத்த காயம். அது வருந்த வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பையனுக்குச் சிறை, சிறைக்குள் தனிமைச் சிறை! இன்று இந்த மண்டபக் கதவு திறக்குமுன் வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், யாராவது போலீசைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்.

கறுப்பினப் பிள்ளையிடம் ஆட்டிசத்தைப் பார்க்காத அந்தப் பார்வைக்கு வயது அதிகம். 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அதில் வந்த குழந்தைகள் 11 பேர். ஒரு கறுப்பினக் குழந்தைகூட இல்லை. பெற்றோர் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள். போதாதா? ஆட்டிசம் என்றாலே படித்த வெள்ளையர் வீட்டுச் சமாசாரம் என்றாகிவிட்டது. பிறகு புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் வந்தார். அம்மாவின் பாசக்குறைவே காரணம் என்ற பழியை 1967இல் புத்தகமாகவே போட்டார். ராத்திரி பகலாகப் பிள்ளையோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்கு அது பரிசு!

கறுப்பின அம்மாவுக்கோ அந்தப் பழிகூடக் கிடைக்கவில்லை. 'ரெஃப்ரிஜிரேட்டர் மதர்ஸ்' என்ற 2002ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஒரு தாய் பேசுகிறார். மகனுக்கு ஆட்டிசம் இருக்க முடியாது என்று சொன்னார்களாம். ஏன்? அவர் வெள்ளைக்காரி இல்லையே! பையனுக்கு மனக்கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அது அந்தக் காலம் என்பீர்களா? ஏப்ரல் 2ஆம் தேதி ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். சில பெரிய மனிதர்கள் உண்டு, பெயர் வேண்டாம். கட்டடத்துக்கு நீல விளக்குப் போடுவார்கள், படம் எடுப்பார்கள். 3ஆம் தேதி அதே கட்டடத்துக்குள் காதைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை அலறினால் காவலாளியைக் கூப்பிடுவார்கள். கைதட்டுகிறீர்கள், உங்களுக்கும் இரண்டு பேரைத் தெரியும் போலிருக்கிறது.

கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மட்டும் விட்டுவைத்ததா? அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு பேர். தற்காலிகமாக நீக்கப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 39. இது 2013-14 கல்வியாண்டின் கணக்கு. ஆராய்ந்து வெளியிட்டது அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு.

நூலக வாசலில் காத்திருந்த அந்தப் பையனை விட்டுவிட்டோமே! 2015இல் ஆளுநர் நிபந்தனையோடு மன்னித்தார். முழு மன்னிப்பு எப்போது தெரியுமா? 2021இல். புத்தகம் எடுக்கப் போனவனுக்குப் பதினோரு வருடம்.

பிள்ளையின் நிலை கறுப்பின அம்மாக்களுக்குத் தெரியாமலா இருந்தது? 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில் 584 கறுப்பினக் குழந்தைகள். ஏதோ சரியில்லை என்று பெற்றோருக்குத் தோன்றிய நாளிலிருந்து ஆட்டிசம் என்று உறுதியாவதற்குச் சராசரியாக மூன்று வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் அதிகம் பலன் தரும் வயது அதற்குள் கடந்துவிடுகிறது. கறுப்பினக் குடும்பங்களுக்கென்றே கமில் ப்ராக்டர் என்ற தாய் டெட்ராய்ட் பக்கம் ஓர் அமைப்பைத் தொடங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 8 வயதுக் குழந்தைகள் ஆயிரம் பேரில் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் கறுப்பினத்தில் 29, வெள்ளையரில் 24. கறுப்பினத்தின் விகிதம் தெளிவாக முந்தியது அந்த மையத்தின் கணக்கெடுப்பில் அதுவே முதல் முறை. புதிதாக நோய் எதுவும் பரவிவிடவில்லை ஐயா. இத்தனை காலம் பார்க்காமல் விட்ட பிள்ளைகளை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.