பிள்ளைகளை என்ன சொல்லி அழைக்கிறோம்?

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பஞ்சாயத்துக் கூட்டம் என்றால் குடிநீர், சாலை, தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். அவை யாவும் இன்றியமையாதவை. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருளுக்கோ வரவு செலவுத் திட்டத்தில் ஒரு காசும் ஒதுக்க வேண்டுவதில்லை. மேலிடத்து அனுமதியும் வேண்டுவதில்லை. நம் ஊர்ச் சிறு பிள்ளைகளை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம், அவர்களிடம் எத்தகைய பேச்சுப் பேசுகிறோம் என்பதே அது. இது ஓர் அற்ப விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். அற்பமன்று என்பதை எடுத்துரைக்கவே இங்கு வந்திருக்கிறோம்.

பெயரின் பெருமை

பிள்ளைக்குப் பெயரிடுவதை நம் முன்னோர் விளையாட்டாகக் கருதவில்லை. பாட்டன் பெயரைத் தாங்கி வருபவனைப் 'பெயரன்' என்றார்கள். அதுவே பேச்சு வழக்கில் 'பேரன்' ஆயிற்று. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதையன்று என்று கருதிய வீடுகளில், அப்பெயர் பெற்ற குழந்தையை அழைக்க வேறொரு வீட்டுப் பெயர் வழங்கிற்று. முன்பிறந்த குழந்தைகள் தங்காமற்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் 'குப்பன்' என்றோ, 'பிச்சை' என்றோ பெயரிட்டார்கள். கேட்பதற்கு எளிய பெயர்தான்; ஆயினும், இந்தப் பிள்ளையாவது பிழைத்திருக்க வேண்டுமே என்ற தாயின் தவிப்பு அதனுள் இருந்தது. ஆகவே வீட்டுப் பெயர், செல்லப் பெயர் எல்லாமே தவறு என்று நாம் கூறவில்லை. கண்ணு, ராசா, தங்கம் என்று அழையுங்கள். பிள்ளை ஓடி வரும்.

நாம் குறை கூறுவது வேறு வகைப் பெயர்களை. காலை இழுத்து நடக்கும் சிறுவன் 'நொண்டி' ஆகிறான். பேச்சுத் தடைபடும் பிள்ளை 'திக்குவாய்' ஆகிறது. கறுத்த நிறமுள்ள சிறுமி 'கரிச்சட்டி' ஆகிறாள். கணக்குத் தெரியாதவன் 'மக்கு'. பால் கேட்டு அழும் குழந்தை 'சனியன்'. தந்தையின் குடிப்பழக்கத்தையும், குடும்பத்தின் வறுமையையும், சாதியையும் சுட்டிப் பிள்ளைக்குப் பட்டம் கட்டுவோரும் உண்டு. இது தகும், இது தகாது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அப்பெயரைச் சொன்னவுடன் பிள்ளையின் முகம் மலர்கிறதா, தலை கவிழ்கிறதா என்று பாருங்கள். தலை கவிழ்ந்தால் அப்பெயரை அன்றே விட்டுவிடுங்கள்.

பெண் குழந்தைகளுக்கு இழைக்கும் அநீதி இதனினும் பெரிது. மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தபோது 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. தான் வேண்டாதவள் என்பதை அக்குழந்தை ஒவ்வொரு நாளும் தன் பெயராகவே கேட்டு வளர்கிறது. மராட்டியத்திலும் இத்தகைய பெயர் உண்டு. 'நகுஷா' என்றால் 'வேண்டாதவள்' என்று பொருள். அங்குச் சதாரா மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மாவட்ட நிர்வாகமே விழா நடத்தி, அப்பெயர் கொண்ட 285 சிறுமிகளுக்குப் புதுப் பெயர் சூட்டியது. ஊர் மனம் வைத்தால் பெயர் மாறும் என்பதற்கு இது சான்றன்றோ?

பதில் சொல்ல இயலாதவர்கள்

வளர்ந்த ஒருவரை நாம் இழிபெயரால் அழைத்தால் அவர் சும்மா இருப்பாரா? திருப்பிக் கேட்பார், பஞ்சாயத்தைக் கூட்டுவார். ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பெரியவர்கள் சொல்வது உண்மை என்று அது நம்புகிறது. 'மக்கு' என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளை, தனக்குப் படிப்பு வாராது என்று முடிவு செய்து கொள்கிறது. வீட்டில் வைத்த பட்டம் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறது. பின்னர் அப்பிள்ளை பள்ளி செல்ல மறுக்கும்போது, காரணம் தெரியாமல் நாமே அதனைக் கடிந்துகொள்கிறோம். நாற்றங்காலில் நோய் கண்ட நாற்றை நட்டுவிட்டு, கதிர் வரவில்லையே என்று வருந்துவதற்கு ஒப்பானது இது.

கேலி என்னும் போர்வை

இனிச் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தேநீர்க் கடையிலும் களத்து மேட்டிலும் கலியாண வீட்டிலும், மூன்று வயதுக் குழந்தைக்குக் கெட்ட வார்த்தை கற்பித்து, அதன் மழலை வாயால் சொல்லக் கேட்டுச் சிரிப்போர் உளர். அதே சொல்லை அக்குழந்தை ஆறு வயதில் பள்ளியில் சொன்னால் தண்டனை கிடைக்கிறது. கற்பித்தவர் யார்? பரிசு போலச் சிரிப்பை வழங்கியவர் யார்?

நான்கு வயதுச் சிறுமியிடம் 'உன் புருஷன் யார்?' என்று கேட்பதும், சிறுவனிடம் 'உனக்கு எத்தனை பெண்டாட்டி வேண்டும்?' என்று கேட்பதும், மாமன் முறை கொண்டாடி ஆபாசமாகப் பேசுவதும் கேலி என்றே கருதப்படுகின்றன. பேசுபவரின் மனத்தில் தீய எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் தீய எண்ணம் உடையவனும் இதே பேச்சைக் கொண்டுதான் தொடங்குகிறான் என்பதை நாம் மறத்தலாகாது. எல்லோரும் இப்படிப் பேசும் ஊரில், எது விளையாட்டு, எது ஆபத்து என்று குழந்தை எவ்வாறு பிரித்தறியும்? அது மனம் கூசி வந்து தாயிடம் சொன்னாலும், 'மாமா கேலிக்குத்தானே சொன்னார்' என்ற பதிலே கிடைக்கிறது. மறுமுறை அது வாய் திறப்பதில்லை. குழந்தையின் வாயை அடைத்துவிட்ட பிறகு அதனைக் காப்பது எங்ஙனம்? அன்பர்களே, நமது உரையின் சாரம் இதுவே.

சட்டம் கூறுவது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009), பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாலியல் நோக்குடன் குழந்தையிடம் பேசும் சொல்லே குற்றமாகும். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் அறியச் சிறுமைப்படுத்தும் எண்ணத்துடன் இழிவு செய்வதை 2016ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் அறியச் சாதிப் பெயரால் ஏசுவது, அவர்களுக்கெதிரான வன்கொடுமையைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியது. குழந்தைக்கு ஆபத்து என்று அறிந்தால் 1098 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம்; கட்டணம் இல்லை. எனினும், சட்டத்துக்கு அஞ்சி நாவை அடக்குவதைவிட, பிள்ளைக்கு இரங்கி அடக்குவதே மேன்மை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருப் பிள்ளைகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டு, அப்பெயராலேயே அழைத்தல் வேண்டும். பெரியவர் அழைக்கும் பெயரையே ஊரும் அழைக்கும்.

இரண்டாவதாக, சிறு குழந்தை தகாத சொல்லைச் சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். 'இது நல்ல சொல் அன்று' என்று அமைதியாகக் கூறி, ஏற்ற சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். கவனிப்பார் இல்லையேல் அச்சொல் மெல்ல மறையும்.

மூன்றாவதாக, நம் முன்னிலையில் ஒருவர் பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசினால், 'குழந்தையிடம் இப்படிப் பேச வேண்டாம், அண்ணே' என்று அங்கேயே சொல்ல வேண்டும். கூச்சத்தினால் வாளாவிருத்தல் அதனை ஆதரிப்பதாகும்.

நான்காவதாக, குழந்தை வந்து ஒன்று சொன்னால் தாய் தந்தையர் இடைமறியாது கேட்க வேண்டும். உடல் உறுப்புகளுக்கு உரிய பெயர்களை அதற்குக் கற்பித்து வைப்பதும் நலம். துன்பம் நேர்ந்தால் எடுத்துச் சொல்ல அதற்குச் சொல் வேண்டுமல்லவா?

ஐந்தாவதாக, அங்கன்வாடிப் பணியாளரையும் ஆசிரியரையும் அழைத்து, கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். பட்டப்பெயரால் பள்ளியை வெறுக்கும் பிள்ளை எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள்.

திருவள்ளுவர் இனியவை கூறலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வினிய சொல்லை விருந்தினருக்கும் அதிகாரிகளுக்கும் தாராளமாக வழங்குகிறோம். நம் மடியில் வளரும் பிள்ளைகளுக்கு அதில் பங்கு வேண்டாமா? தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலருகே நாம் பேசும் பேச்சும் அவ்வாறே அவர்களுடன் வாழ்நாள் முழுதும் வரும். அது நல்ல பேச்சாக இருக்கட்டும்.