விருந்தோம்பலில் அளவறிதல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்விழாவில், 'இறைப்பற்றுள்ள இல்லறமும் விருந்தோம்பலும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். விருந்தோம்பலின் பெருமையைத் தமிழர்க்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. ஆதலின் அதன் பெருமையை விடுத்து, அதன் அளவைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறேன். அளவு என்றதும் சிலர்க்கு முகம் சுளிக்கும். விருந்துக்கு அளவு பார்ப்பது கஞ்சத்தனம் அன்றோ என்று கேட்கத் தோன்றும். அன்று என்பதே இவ்வுரையின் கருத்து. நம் நூல்களும், நம் ஊரின் பழக்கங்களும், பிற சமயத்தார் போற்றும் நெறிகளும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

மதுரை, விருந்தினர் ஓயாத ஊர். சித்திரைத் திருவிழாவிற்கு வருவோர் உளர். அரசு இராசாசி மருத்துவமனைக்கும், 1976இல் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் நோயாளிகளை அழைத்து வருவோர் உளர். 2004இல் உயர்நீதிமன்றக் கிளை அமைந்த பின்னர் வழக்குக்காக வருவோரும் பெருகினர். இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பேருந்து ஏறுவோர், மதுரையில் ஓர் உறவினர் வீடு இருந்தால் விடுதியை நாடுவதில்லை. இது நம் பண்பாட்டின் சிறப்பு. ஆனால் அவ்வீட்டின் அடுப்படியில் நிற்பவர் யார், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், வந்தவரை அழைத்த போது அவரிடம் ஒரு சொல் கேட்கப்பட்டதா என்பவற்றை நாம் வினவுவதில்லை. விருந்தின் புகழ் வீட்டுத் தலைவனுக்கும், அதன் உழைப்பு வீட்டுத் தலைவிக்கும் எனப் பிரிந்து கிடக்கும் வரை, அவ்வறம் முழுமை பெறாது.

முதலில் வள்ளுவர் காட்டும் முறையைக் காண்போம். இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை ஆகியவற்றை வைத்த பின்னரே, ஒன்பதாம் அதிகாரமாக விருந்தோம்பலை அவர் வைக்கிறார். கணவன் மனைவியரிடையே இசைவும், மக்களிடத்துப் பேணுதலும், உள்ளத்தில் அன்பும் அமைந்த வீட்டிலிருந்தே விருந்தோம்பல் புறப்படுகிறது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, வீட்டார் வாட விருந்தினர் மகிழ வேண்டும் என்று கொள்வதற்கு நூலில் இடமில்லை.

இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தான் ஓம்பத்தக்கார் ஐவர் எனக் குறள் தொகுக்கிறது. நீத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகிய நால்வரோடு ஐந்தாவதாக நிற்பது 'தான்'. தன்னைப் பேணுவதும் அறமாகுமோ என்னும் ஐயம் எவர்க்கும் எழும். பரிமேலழகர் அதற்கு விடை தருகிறார். மற்ற அறங்களை எல்லாம் செய்வதற்குத் தான் உளனாக இருத்தல் வேண்டும், ஆகவே தன்னை ஓம்புவதும் அறமே என்பது அவர் உரையின் கருத்து. இதனை இல்லத் தலைவிக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். காய்ச்சலில் கிடப்பவள் எழுந்து பத்துப் பேருக்குச் சமைத்தால் அதனைத் தியாகம் எனப் பாராட்டுகிறோம். ஐந்தாம் கடமை அங்கே தவறிப்போவதை நாம் காண்பதில்லை.

அதே தொகுப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. விருந்து வேறு, சுற்றம் வேறு என அவை தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியராய் வந்தாரை அது குறிக்கும். மருத்துவத்திற்காக மூன்று மாதம் வந்து தங்கும் அத்தை மகனும், ஒருவேளை உணவுக்கு வரும் வழிப்போக்கரும் ஒரே வகையினர் அல்லர். முன்னவர் சில நாள்களில் வீட்டாருள் ஒருவராகி விடுகிறார். வீட்டாருள் ஒருவரானால் வீட்டு வேலையிலும் செலவிலும் அவருக்குப் பங்குண்டு. இதனைச் சொல்லக் கூச்சப்பட்டே பல குடும்பங்களில் உறவு முறிகிறது.

விருந்தினரின் மென்மையை விளக்க வள்ளுவர் அனிச்ச மலரை எடுத்துக்கொண்டார். அம்மலர் மோந்தால் வாடும். விருந்தினரோ, வீட்டார் முகம் வேறுபட்ட அளவிலேயே வாடுவர் என்பது அக்குறளின் செய்தி. முகம் ஏன் வேறுபடுகிறது? பெரும்பாலும் வந்தவர்மீது வெறுப்பினால் அன்று. உடல் தளர்ந்திருக்கும், மாதக் கடைசியாக இருக்கும், மறுநாள் பிள்ளைக்குத் தேர்வாக இருக்கும். இயலாத நிலையில் வாயிலைத் திறந்துவிட்டு, முகத்தை மறைக்க முயன்றால் அது மறைவதில்லை. "இன்று இயலவில்லை, ஞாயிறன்று அவசியம் வாருங்கள்" என்று இன்முகத்தோடு சொல்வது, சுளித்த முகத்தோடு இடும் அறுசுவை உணவினும் விருந்தினரைப் பேணுவதாகும்.

பொருளின் அளவு பற்றியும் அவர் பேசாமல் விடவில்லை. வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள்கள், வருவாயின் அளவறிந்து கொடுத்தலையும், அளவறியாது வாழ்வதன் கேட்டையும் கூறுகின்றன. தன் உடைமையின் அளவை எண்ணாது செய்யும் ஒப்புரவு செல்வத்தை விரைவில் அழிக்கும் என்று அவ்வதிகாரம் முடிகிறது. ஒப்புரவுக்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய புலவரே இதனையும் கூறினார். வட்டிக்கு வாங்கி விருந்து வைப்பதை அவர் நெறியாகக் கொள்ளவில்லை என்பது இதனால் தெளிவு.

இங்கே ஒரு தடை எழும். இளையான்குடி மாறநாயனார் அளவு பார்த்தாரா எனக் கேட்பீர்கள். மதுரைக்குத் தென்கிழக்கே, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இளையான்குடியே அவர் ஊர் என்பது மரபு. அடியார்க்கு உணவிட்டே செல்வம் தேய்ந்த அவர் வீட்டிற்கு, மழை பெய்யும் ஓர் இரவில் அடியார் ஒருவர் வந்தார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த நெல்லை இருளில் கூடையில் வாரி வந்து, விறகுக்குக் கூரைக் கொம்பை அறுத்து, கீரையைப் பறித்து அவ்விருவரும் விருந்து சமைத்ததைச் சேக்கிழார் பாடுகிறார். அதனை வணங்குகிறோம். ஆயினும் அவ்வரலாற்றில் ஒரு செய்தியை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். விதைநெல்லை வாரி வரலாம் என்னும் யோசனையைச் சொன்னவர் நாயனாரின் மனைவியார். கணவர் அவரிடம் என் செய்வது எனக் கேட்கிறார். அவர் வழி சொல்கிறார். அதன் பின்னரே நாயனார் கூடையை எடுக்கிறார். எல்லை கடந்த அவ்விருந்தோம்பல் இருவர் மனமொத்துச் செய்த நோன்பு. ஒருவர் ஆணையிட மற்றவர் சுமந்தது அன்று. அடியவர் தம் விருப்பத்தால் ஏற்ற நோன்பைப் பிறர்மீது கடமையாகச் சுமத்த எவர்க்கும் உரிமை இல்லை.

மதுரைக்கு உரிய மற்றொரு விருந்து சிலப்பதிகாரத்தில் உள்ளது. அதனை இல்லறத்தார் ஊன்றிப் படித்தல் வேண்டும். மதுரையின் புறத்தே இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரியிடம் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவளைத் தன் ஆயர் குடியிருப்பின் நெருக்கத்தில் இருத்தவில்லை. செம்மண் பூசிய பந்தரும் காவலும் உடைய தனிச் சிறுவீடு ஒன்றை அளிக்கிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையைத் தருகிறாள். கோவலன் சமணச் சாவக நோன்புடையவன் என்பதை அறிந்து, தான் சமைத்து உண்ணுமாறு வற்புறுத்தாமல், பகற்பொழுதிலேயே அவர்கள் உணவாக்கிக் கொள்ளக் கலங்களையும் அரிசி, காய், பால், நெய் முதலியவற்றையும் கொடுக்கச் செய்கிறாள். கண்ணகி காய் அரிகிறாள். ஐயை அடுப்பு மூட்டுகிறாள்.

மாதரி வழிபட்டது ஒரு தெய்வத்தை. வந்தவர்கள் நின்றது வேறு நெறியில். தன் வழிபாட்டை அவள் விடவில்லை. அவர்கள் நோன்பைக் குலைக்கவும் இல்லை. விருந்தினர்க்கு ஒரு தனியிடம், வீட்டார்க்குத் தம் அன்றாடப் பணி என இரண்டுக்கும் இடையே ஒரு வேலி நின்றது. அவ்வேலியால் அன்பு குறைந்ததா? அடைக்கலப் பொருளை இழந்தேன் எனக் கதறி மாதரி தீப்புகுந்ததைக் காப்பியம் பின்னர் கூறுகிறது. அவள் முடிவை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. எல்லை வகுத்துக் கொண்டவரின் உள்ளம் வறண்டது என்னும் எண்ணம் பிழை என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இதனோடு ஒத்த ஒரு நிகழ்ச்சி விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உண்டு. சூனேம் ஊரின் பெண் ஒருத்தி, அவ்வழியே அடிக்கடி வரும் எலிசா தீர்க்கதரிசிக்காகத் தன் கணவனோடு கலந்து பேசி, மேல்தளத்தில் ஒரு சிற்றறை கட்டுவிக்கிறாள். அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்கும் வைக்கிறாள். வேண்டுவன யாவும் உள. மிகை ஒன்றும் இல்லை. வந்தவர்க்கும் தனிமை, வீட்டார்க்கும் தனிமை.

தங்கும் காலத்திற்கும் எல்லை உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. இசுலாமிய நெறியில் நபிகள் நாயகம் அவர்கள் விருந்துக்கு வகுத்த காலமும் மூன்று நாளே. அதற்கு மேற்பட்டது தருமம் எனக் கொள்ளப்படும் என்றும், வீட்டாரை இடர்ப்படுத்தும் அளவிற்கு விருந்தினர் தங்குதல் கூடாது என்றும் அவர்கள் அறிவுறுத்தியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. பிறர் வீட்டில் இசைவு பெற்றே நுழைதல் வேண்டும் என்பது குர்ஆன் கூறும் ஒழுக்கம். ஒருவரை ஒருவர் அறியாத இடங்களிலும் மக்கள் ஒரே அளவைக் கண்டிருக்கிறார்கள். விருந்தோம்பலில் கடமை வீட்டார்க்கு மட்டும் உரியதன்று. வந்தவர்க்கும் உண்டு என்பதும் இவற்றால் விளங்கும்.

நம் ஊரின் அமைப்பிலேயே இவ்வறிவு பதிந்திருந்தது. பழைய வீடுகளின் திண்ணையை எண்ணிப் பாருங்கள். கூரை வீட்டினது, ஆனால் நிலைவாயிலுக்கு வெளியே இருப்பது. பெயர் தெரியாதவரும் அங்கே இளைப்பாறலாம், நீர் கேட்கலாம், இரவு படுக்கலாம். உள்ளே பெண்டிரும் குழந்தைகளும் அச்சமின்றி உறங்கலாம். ஒரு வீட்டால் தாங்க இயலாத சுமையை ஊரும் அரசும் பகிர்ந்து கொண்டதற்குச் சத்திரங்கள் சான்று. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே உள்ள சத்திரம் இராணி மங்கம்மாள் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் வைகைக்கு வருகிறார். மூன்றுமாவடியில் மதுரை மக்கள் எதிர்சேவை செய்து வரவேற்கின்றனர். வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொரு மண்டகப்படியாரும் தமக்கு உரிய பொழுதில் வழிபட்டு, அடுத்தவரிடம் அவரை அனுப்பி வைக்கின்றனர். என் மண்டகத்திலேயே தங்க வேண்டும் என்று எவரும் பிடித்து வைப்பதில்லை. தெய்வமே விருந்தாக வரும்போதும் எதிர்கொள்ள ஓர் இடமும், விடைகொடுக்க ஒரு பொழுதும் இருக்கின்றன.

இன்று நாம் செய்யத்தக்கவை எவை? திண்ணை இல்லாத அடுக்குமாடி வீடுகளில், அது செய்த பணியைச் சொற்களால் செய்துகொள்ள வேண்டியுள்ளது. எத்தனை நாள், எத்தனை பேர் என்பதை வருமுன் தொலைபேசியில் இன்சொல்லால் பேசிக்கொள்ளலாம். அழைக்குமுன் கணவன் மனைவியைக் கேட்டல் வேண்டும். மனைவி கணவனைக் கேட்டல் வேண்டும். விருந்து நாளில் ஆடவர் கூடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்க, பெண்டிர் மட்டும் அடுப்படியில் வேகும் வழக்கம் நீங்கவேண்டும். காய் நறுக்கவும் இலை எடுக்கவும் ஆண்பிள்ளைகளைப் பழக்கலாம். பத்து வகைக் கறியை விடுத்து, சோறும் குழம்பும் ஒரு பொரியலும் மோரும் மனநிறைவோடு இட்டால் அடுத்த முறையும் அழைக்க மனம் வரும். மாலை விளக்கேற்றும் நேரமோ, தொழுகை நேரமோ, குடும்பச் செபமோ, விருந்தினரைக் காரணம் காட்டி அதனை விடவேண்டியதில்லை. "சற்றே இருங்கள், வழிபட்டு வருகிறோம்" என்று சொன்னால் நல்ல விருந்தினர் மகிழ்வர்.

இறுதியாக ஒன்று. குடித்துவிட்டு வருபவர், பெண்களிடமும் பிள்ளைகளிடமும் வரம்பு மீறுபவர், எவ்வளவு நெருங்கிய உறவினர் ஆயினும் அவர்க்கு வாயிலைத் திறக்க எந்தச் சமயமும் கட்டளையிடவில்லை. "வீட்டுக்கு வந்தவரை எப்படிச் சொல்வது" என்று வாயடைத்து நிற்கும்போது, அந்த வீட்டுக் குழந்தையே அடைக்கலம் இழந்து நிற்கிறது. பிள்ளை ஒன்று, இன்னார் வந்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது என்று சொன்னால், அச்சொல்லை நம்புங்கள். அன்று கதவைச் சாத்துவதும் இல்லறத்தின் கடமையே.

விருந்தினரை அனுப்பும்போது 'போங்கள்' என்று நாம் சொல்வதில்லை. 'போய் வாருங்கள்' என்கிறோம். மீண்டும் வருக என்று மனமார வாய்விட்டுச் சொல்லக்கூடிய அளவோடு விருந்து நடைபெறுமாயின், அதுவே தக்க அளவு. அவ்வாறு சொல்லும் வலிமை நம் இல்லங்களில், சிறப்பாக நம் தாய்மார்க்கு, என்றும் நிலைக்குமாறு இறைவனை வேண்டி அமைகிறேன்.